வில்லை இல்லாத ஆறு வாரங்கள்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை 5 மணி 40 நிமிடம். குடை விரித்தால் அதிகம், விரிக்காவிட்டால் சட்டை நனையும் என்கிற அளவில் ஆனிச் சாரல். மேற்கிலிருந்து நல்ல காற்று. அன்னூர் ரோட்டில் இருக்கும் நூல் மில்லின் வாசலில், என் மகளை ஏற்றிக்கொண்டு வந்த காரை நிறுத்தினேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்று நான் வெளியே வந்த அதே வாசல். காவலாளி புதியவர், என்னை யார் என்று கேட்டார். முப்பத்து நான்கு வருடம் இந்த மில்லின் டைம் ஆபீஸில் இருந்தவன், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று எழுதி வைத்தவன் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளிடம் திரும்பி, "மேடம், டிரைவரு வண்டியிலயே இருக்கட்டுங்க" என்றார்.

மகள் சிரித்த சிரிப்பில் மூன்று நிமிடம் போயிற்று. ஆறு மணி ஷிப்ட் தொடங்க இன்னும் பதினேழு நிமிடம்தான் இருந்தது. எனக்குப் பதற்றம்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கோவையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் ஆசிரியை. மாதவிடாய் நாட்களில் பெண்கள் வேலைக்கும் சிறுமிகள் பள்ளிக்கும் ஏன் வராமல் போகிறார்கள், வந்தால் என்ன பாடுபடுகிறார்கள், அதற்கு நிர்வாகம் என்ன விதி வகுக்கலாம் என்பது அவளுடைய ஆராய்ச்சி. இந்த ஒரு வாக்கியத்தை முழுதாக எழுத எனக்கு எழுபத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன் யாராவது மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டால், "ஹெல்த் சம்பந்தமாங்க" என்று சொல்லிப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டில் நான் எழுதிக் கையெழுத்திட்ட விடுப்புக் கடிதங்கள் பதினான்கு. பதினான்கிலும் காரணம் காய்ச்சல். "காய்ச்சல்னு எழுதுங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து சொல்வாள், நான் எழுதுவேன். ஒன்பதாவது கடிதத்தில் வகுப்பாசிரியை சந்தேகப்பட்டு, மாதாமாதம் வரும் காய்ச்சல் நல்லதல்ல, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று எழுதி அனுப்பினார். நானும் கூட்டிக்கொண்டு போனேன். ரிசல்ட் வாங்கி வந்து, மலேரியா இல்லை என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அப்படிப்பட்டவனின் மகள் அன்னூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு சுற்றினாள். ஒரு பள்ளியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் சிலர் ஏன் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இவள் போய்ப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவித் தொட்டி காலியாகிவிடுகிறது, ஒரு மணிக்கு மேல் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. தட்டுகளுக்குத் தனித் தொட்டி வைக்கச் சொன்னாள், வைத்தார்கள், பிள்ளைகள் நாலு மணி வரை இருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க அவள் ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டாள். பொறுமை அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. எண்ணுகிற புத்தி என்னுடையது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

பள்ளிக்குப் பிறகு ஒரு மில்லில் இதே வேலையைச் செய்ய வேண்டும் என்றாள். நாலு மில்லில் கேட்டுப் பார்த்தாள். கேட்டை யாரும் திறக்கவில்லை. ஐந்தாவதாக நான் என் பழைய மில்லுக்குப் போனேன். பெரிய முதலாளி இறந்துவிட்டார், அவருடைய மகன் இப்போது மூன்று மில்லைப் பார்க்கிறார், ஒன்று இங்கே, இரண்டு பெருந்துறையில். "அய்யாவோட பொண்ணு, கணக்குல தப்பு இருக்காது. தாராளமா வரட்டுங்க" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதுதான் பெரியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்று முறை சொன்னேன்.

அவள் முதலில் பார்க்க விரும்பியது கோன் பிரிவை. நூலைக் கூம்பு வடிவத்தில் சுற்றி எடுக்கிற இடமும், அதைப் பெட்டியில் அடைக்கிற இடமும். இரண்டிலும் சேர்த்து நாற்பத்தாறு பெண்கள். ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு அவர்களில் பாதிப் பேரைக் கேண்டீனில் உட்கார வைத்துப் பேசினாள். ஆண்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் வெளியே ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒட்டுக் கேட்க உட்காரவில்லை. அங்கேதான் கூரை ஒழுகாமல் இருந்தது.

"மாசத்துல ஒரு நாள், சம்பளத்தோட லீவுன்னா எடுத்துக்குவீங்களா?" என்று மகள் கேட்டது காதில் விழுந்தது. அதுதான் அவள் மனதில் இருந்த திட்டம். அதை எழுதி முடித்து அச்சடித்தே கொண்டு வந்திருந்தாள்.

உள்ளே ஒரே சிரிப்பு.

"அந்த லீவு எங்க மாமியாளுக்குத்தானுங்க ஆகும். மருமக ஊட்டுல இருக்கறான்னு தெரிஞ்சா ரெண்டு படி அரிசி ஊறப் போட்டுருவா."

"என்ர ஊட்டுக்காரரு காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்குவாருங்க மேடம். அன்னிக்குன்னு பாத்து அவரு சொந்தக்காரங்க அல்லாரும் வருவாங்க."

ஒரு இளம்பெண்ணின் குரல்: "லீவுன்னா போர்டுல பேரு எழுதுவாங்க. சூப்பர்வைசருக்குத் தெரியும், பஸ் டிரைவருக்குத் தெரியும். எனக்கு இன்னும் கண்ணாலமே ஆவலீங்க."

"சரி, அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்? அதைச் சொல்லுங்க."

பெட்டி அடைக்கிற பகுதியில் வேலை செய்யும் ஒரு மூத்த அம்மாளின் குரல் கேட்டது. "அந்த வில்லையைத் தூக்கிக் கெணத்துல போடச் சொல்லு கண்ணு. அது போதும். வெலகி நிக்கற நாள்ல துணி மாத்தப் போவோணும்னா வில்லை வேணும். வில்லை ரெண்டு. நாங்க நாப்பத்தாறு பேரு. முன்னால போனவ திரும்பி வந்து ஆணியில மாட்டற வரைக்கும் காலை இடுக்கிக்கிட்டு நிக்கோணும். அதுக்குப் பயந்துக்கிட்டே அந்த ரெண்டு நாளு காலையில இருந்து தண்ணி குடிக்கறதில்லை. முடியாதவ ஊட்டுலயே படுத்துக்கறா."

"யாருங்கக்கா இந்த வில்லையக் கண்டுபுடிச்சது?" என்று இளம்பெண் கேட்டாள்.

"எந்தப் புண்ணியவானோ. அவனுக்கு மூத்திரக் கல்லு வரோணும்."

எனக்கு 2011-இல் வந்தது. ஐந்தரை மில்லிமீட்டர். வலது பக்கம்.

வில்லை என்பது பித்தளையில் செய்த, உள்ளங்கை அகல வட்டத் தகடு. ஒன்று, இரண்டு என்று எண் அடித்திருக்கும். கழிப்பறைக்குப் போகிறவர் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஆணி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். 1991-இல் இந்த முறையைக் கொண்டுவந்தது நான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெண்கள் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று ஒரு சூப்பர்வைசர் முணுமுணுத்தார், நானாகவே ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் நின்று எண்ணினேன். ஒருவர் ஒருமுறை போய்வரச் சராசரி பதினோரு நிமிடம். இத்தனை பேர், இத்தனை முறை, இத்தனை நிமிடம், அதனால் இத்தனை கிலோ நூல் நஷ்டம் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பெரிய முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தெரிந்து ஏழு மில்கள் அதைப் பார்த்துச் செய்தன. அந்த ஏழு மில்லையும் நான் பெருமையாக எண்ணி வைத்திருந்தேன்.

அன்று காரில் திரும்பும்போது மகள் மிகவும் உற்சாகமாக இருந்தாள். அச்சடித்த திட்டத்தைப் பின் சீட்டில் எறிந்துவிட்டாள். "நான் காலேஜுல உக்காந்து லீவு லீவுன்னு எழுதிக்கிட்டு இருந்தேன் பாருங்கப்பா. அவங்க கேக்கறது ரெண்டு பித்தளைத் தகடை எடுக்கச் சொல்லி" என்றாள். துடியலூர் வருவதற்குள் மூன்று சிக்னல். மூன்றிலும் சிவப்பு. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்து, பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினேன்.

ஜூலை 29-ஆம் தேதி சின்ன முதலாளியின் அறையில் கூட்டம். முதலாளி, மேனேஜர், மகள், நான். மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், கெட்டவர் அல்ல. உற்பத்தி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மகள் பேசி முடித்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை மரியாதையாக மேசைமேல் வைத்தார்.

"ஆராய்ச்சி நல்லதுதானுங்க மேடம். ஆனா இந்த வில்லை சும்மா வந்ததில்லீங்க. இதுக்கு ஒரு கணக்கு இருக்குது. இதைவிடச் சுத்தமான கணக்கை நான் பாத்ததில்லீங்க. புதுசா வர்ற சூப்பர்வைசர் அல்லாருக்கும் இதைத்தான் படிக்கக் குடுக்கறேன்."

மகள் அதை எடுத்தாள். முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும், என் கையெழுத்தில் 'ழ' ஒரு மாதிரி இருக்கும். இருந்தாலும் கடைசிக் கையெழுத்து வரை படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கப்பா, ஊட்டுல அம்மாவுக்கும் ஒரு வில்லை குடுத்து வெச்சிருக்கீங்களா?"

முதலாளி வெடித்துச் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தத் தாள் நிஜமாகவே பிடித்திருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினேன். முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அழகான கட்டங்கள். ஒரு அடித்தல் இல்லை. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"இந்தக் கணக்கு தப்புங்க" என்றேன்.

"எந்த எடத்துலீங்க?" மேனேஜர் பதறிப்போனார். "கூட்டல் பெருக்கல் அல்லாம் நான் சரி பாத்தனுங்களே."

"கூட்டல் சரி. நூறு தடவை போட்டாலும் அதேதான் வரும். பதினோரு நிமிசம்னு எழுதியிருக்குதுங்களா? அதுல ஏழு நிமிசம் நடை. கக்கூஸைக் குடோனுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினது நம்ம மில்லு. அந்த நடையை அந்தப் பொம்பளைங்க தலையில எழுதிப்போட்டேன். அப்பறம், வேலைக்கு வந்தவங்களை மட்டும்தான் எண்ணியிருக்கறேன். இதுக்குப் பயந்துக்கிட்டு வராம ஊட்டுல இருந்தவங்களுக்கு இதுல கட்டமே இல்லை. வருகைப் பதிவு வேற எங்கயும் போகலீங்க, என்ர மேசை மேலயேதான் இருந்துச்சு. ஆப்சென்ட், ஆப்சென்ட்டுன்னு எழுதினவனும் நான்தான்."

குடோன் வழியே கழிப்பறைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி என்றும், ஆடிட்டர் வந்தால் மட்டும் திறக்கிற விருந்தினர் கழிப்பறை கோன் பிரிவின் கதவிலிருந்து முப்பத்தோரு தப்படியில் பூட்டிக் கிடக்கிறது என்றும் சொன்னேன். அன்று காலையில்தான் நடந்து பார்த்திருந்தேன். சாவி மேனேஜரிடம் இருந்தது.

முதலாளி யோசித்தார். மேனேஜரை எல்லோர் முன்னாலும் தாழ்த்திப் பேச அவருக்கு விருப்பமில்லை. "நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்று அவரிடமே விட்டார்.

"ஆறு வாரம் பாக்கலாமுங்க. வில்லையை எடுத்துப்போடறேன், அந்தக் கக்கூஸையும் தெறந்து உடறேன். ஆனா முந்தின ஆறு வாரத்தைவிட ஒரு கோன் கொறஞ்சாலும் வில்லை திரும்பி வந்துருமுங்க. அப்பறம் மேடம் இந்தப் பேச்சை மூணு மில்லுலயும் எடுக்கக் கூடாதுங்க."

"ஒரு கோன்னா ஒரு கோனா?" என்றார் முதலாளி.

"கண்டிசன்னா கண்டிசனுங்க."

"சரிங்க" என்றாள் மகள். நான் மேசைக்கு அடியில் அவளுடைய காலை மிதித்தேன். ஒரு சதவீதம் முன்னே பின்னே என்று பேசியிருக்கலாம். அவள் பேசவில்லை.

அவள் ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டாள். வலி அதிகம் இருப்பவர்கள் மில் நர்ஸின் அறையில் இரண்டு மணி நேரம் வரை படுத்துக்கொள்ளலாம், சம்பளம் பிடிக்கக் கூடாது, சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியதில்லை, பேர் எழுதக் கூடாது. பேர் எழுதாமல் எப்படி எண்ணுவது என்று கேட்டது முதலாளியோ மேனேஜரோ அல்ல, நான். "ஒரு ஆளுக்கு ஒரு கோடுங்கப்பா. ஒண்ணாங்கிளாஸ்ல போடுவமே, அந்த மாதிரி" என்றாள். முப்பத்து நான்கு வருடம் பேர் எழுதியே பழகிய எனக்கு அது ஜீரணமாக நாலு நாள் ஆயிற்று.

அந்த விருந்தினர் கழிப்பறையைத் திறந்து பார்த்தால், இரண்டு அறையிலும் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. பை மாட்ட ஒரு கொக்கி கிடையாது. மூடி போட்ட குப்பைத் தொட்டி கிடையாது. குடோனுக்கு அப்பாலுள்ள பழைய கழிப்பறையின் இரண்டு அறையிலும் இதே கதி. மில் ஸ்டோரில் கேட்டு, கையெழுத்து வாங்கி, பொருள் வர மூன்று வாரம் ஆகும். ஆறு வாரச் சோதனையில் மூன்று வாரம் போய்விட்டால் என்ன மிஞ்சும்? நானே டவுன்ஹால் பக்கம் எனக்கு நாற்பது வருடப் பழக்கமுள்ள ஒரு பாயின் இரும்புக் கடைக்குப் போனேன்.

"தாழ்ப்பா நாலு, கொக்கி பன்னெண்டு, மூடி வெச்ச தொட்டி நாலு. ஊட்டுல விசேசமுங்களா?" என்றார்.

"இல்லீங்க பாய். மில்லுப் பொம்பளைங்க கக்கூஸுக்கு."

"கக்கூஸுக்கு மூடி வெச்ச தொட்டி எதுக்குங்க?"

வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசியிருப்பேன். ஆனால் முந்தின நாள்தான் என் மகள் என் கையெழுத்தை முதலாளியின் மேசையில் படித்திருந்தாள். "மாதவிடாய் ஆனா மாத்தினதைப் போடறதுக்குங்க" என்றேன். என் குரல் தேவையைவிட உரக்க வந்துவிட்டது. பெயின்ட் வாங்க நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பாய் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "என்ர பெரிய பொண்ணு ஒம்பதாவதோட நின்னுபோட்டாங்க" என்றார். "பள்ளிக்கூடத்துல கதவுக்குத் தாழ்ப்பா இல்லேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கறா. எனக்கு இப்பத்தான் பத்து வருசம் கழிச்சுச் சொல்றாங்க. நான் தாழ்ப்பாக் கடை வெச்சிருக்கறவன்." பிறகு பன்னிரண்டு கொக்கியோடு இன்னும் நாலு போட்டார். தாழ்ப்பாளுக்குப் பில் போட மறுத்துவிட்டார். மற்றதற்கான பணத்தை மில் பிறகு எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை சோதனை தொடங்கிற்று. முதல் நாள் காலையில் மேனேஜரே இரண்டு வில்லையையும் ஆணியிலிருந்து எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். கிணற்றில் போடவில்லை. தினமும் மதியம் இரண்டேகாலுக்கும், முந்தின இரவு பத்து மணிக்கு முடிந்த ஷிப்டுக்கு அடுத்த நாள் காலையிலுமாக, கோன் எண்ணிக்கையை டைம் ஆபீஸில் எனக்குச் சொல்வார்கள். மகள் வாரத்தில் இரண்டு நாள் வந்தாள். நான் எல்லா நாளும் போனேன். காவலாளி இப்போது எனக்கு வணக்கம் வைத்தார்.

முதல் வாரம் நூற்று நாற்பது கோன் குறைந்தது. வில்லை இல்லை என்ற சந்தோஷத்தில் பாதிப் பேர் சும்மாவேனும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள் போலிருக்கிறது. "பாத்தீங்களாங்கய்யா" என்றார் மேனேஜர், குத்தலாக இல்லை, வருத்தமாகவே சொன்னார். நான் கூட்டலை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மகள் அசையவில்லை. "புதுச் செருப்புப் போட்டா நாலு நாளு எட்டி எட்டி நடக்கறதில்லீங்களாப்பா?" என்றாள். இரண்டாம் வாரம் சமமாக வந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து குறைவு சிறிது சிறிதாக அடைபட ஆரம்பித்தது.

அந்த மூன்றாம் வாரத்தில்தான் வாசலில் அந்த மூத்த அம்மாள் என்னை நிறுத்தினார். எப்படியோ விஷயம் கசிந்துவிட்டிருந்தது.

"ஏனுங்க, அந்த வில்லையப் போட்டது நீங்கதானுங்களா?"

"நான்தானுங்கம்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்லு வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. பதினொண்ணுல."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டடி போய்த் திரும்பி, "இப்பெல்லாம் நல்லாத் தண்ணி குடிக்கறேனுங்க. நீங்களும் குடிங்க" என்றார்.

நான்காம் வாரம் புதன்கிழமை இரண்டு மெஷின்கள் அரை ஷிப்ட் நின்றுவிட்டன. பேரிங் போய்விட்டது. பெண்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்று மாலையே மகளிடம், அந்த அரை ஷிப்டைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும், நான் மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன். காகிதத்தில் போட்டும் காட்டினேன். கழித்தால் நாம்தான் முன்னால் நிற்போம்.

"முந்தின ஆறு வாரத்துலயும் மெஷின் நின்னுருக்குமில்லீங்களா? அதை யாராவது கழிச்சாங்களா?"

"அது நம்ம கணக்கு இல்லை, கண்ணு."

"அதுவும் நம்ம கணக்குத்தானுங்கப்பா. ரெண்டு பக்கமும் ஒரே கோல்ல அளக்கோணும். நமக்கு வேண்டியதை மட்டும் கழிச்சா, நாளைக்கு எந்த மில்லுக்காரரு நம்பித் தெறப்பாரு?"

வாதாடிப் பார்த்தேன். மனைவியைத் துணைக்கு அழைத்தேன். அவள் கத்தரிக்காய் அரிந்துகொண்டே, "எண்ணறதுக்கு ஆளு வேணும்னா உங்களைக் கூப்புடுவா. கழிக்கறதுக்குக் கூப்புட மாட்டா, போங்க" என்றாள். அந்த அரை ஷிப்ட் கணக்கிலேயே நின்றது. எனக்குக் கோபம்தான். ஆனால் அன்று மொட்டை மாடியில் நூறு சுற்று நடந்தபோது, நாற்பது சுற்றுக்குமேல் கோபம் எங்கோ போய், இந்தப் பெண்ணை நாம்தான் வளர்த்தோமா என்கிற ஆச்சரியம் மிஞ்சியது.

செப்டம்பர் 16, திங்கட்கிழமை. அதே அறை, அதே நாலு பேர். சுதந்திர தினமும் விநாயகர் சதுர்த்தியும் போக முப்பத்து நான்கு வேலை நாட்கள். மகள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எண்ணை எழுதியிருந்தாள், உள்ளே ஒளிக்கவில்லை. வில்லையோடு இருந்த முப்பத்து நான்கு நாட்களில் 60,214 கோன். வில்லை இல்லாமல் 60,195.

பத்தொன்பது கோன் குறைவு.

இரண்டாம் பக்கத்தில் வருகைக் கணக்கு. ஒரே ஒரு நாள் மட்டும் வராமல் போனது முன்பு நாற்பத்தொரு தடவை, இப்போது இருபத்திரண்டு. நர்ஸின் தாளில் பதினேழு கோடுகள். "ஆறு வாரம் ரொம்பக் கம்மிங்க. இதை வெச்சு பெருசா எதுவும் சொல்லக் கூடாது. ஆனா நல்ல பக்கமாத்தான் போகுது" என்று அவளே சொன்னாள். அறுபதாயிரத்தில் பத்தொன்பது என்பது ஒன்றுமே இல்லை என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"அல்லாம் சரிங்க மேடம்" என்றார் மேனேஜர். கண்ணை மேசையிலேயே வைத்திருந்தார். "ஆனா ஒரு கோன் கொறஞ்சாலும்னு பேசியிருக்கறமுங்க. நான் சூப்பர்வைசருங்க கிட்டயும் அப்படித்தானுங்க சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப மாத்திப் பேசினா நாளைக்கு என்ர பேச்சை யாருங்க மதிப்பாங்க?"

முதலாளி அவரையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். தன் மேனேஜர் போட்ட கண்டிசனைத் தானே உடைக்க அவரால் முடியாது. இந்த ஊரில் அப்படிச் செய்தால் அந்த மனிதர் அடுத்த மாதம் வேறு மில்லில் இருப்பார். மகள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு எழுந்து போய்விடுவாள் என்று தெரிந்தது. நாற்பத்தாறு பேரும் மறுநாள் காலையில் ஆணியில் வில்லையைப் பார்ப்பார்கள். பெருந்துறையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போகும்.

"அந்தப் பத்தொம்பது கோனை நான் வெலைக்கு வாங்கிக்கறேனுங்க" என்றேன்.

"என்னதுங்கய்யா?" என்றார் முதலாளி.

"மில்லுக்கு நட்டம் பத்தொம்பது கோன். அதுக்கு உண்டான காசை மில்லுக்குக் கட்டிப்போடறேன். நட்டம் தீந்துச்சு. மேனேஜர் சொன்ன வார்த்தையும் நின்னுச்சு."

"அப்பா!" மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது ஆராய்ச்சி. காசு குடுத்து முடிவை வாங்கக் கூடாதுங்க."

"முடிவை எங்க கண்ணு வாங்கினேன்? கொறஞ்சது கொறஞ்சதுதான். பத்தொம்பதுன்னு நீ எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். அந்த நட்டம் யாரு தலையிலன்னுதான் பேச்சு. வில்லையப் போட்டவன் நான். என்ர தலையில எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்து, "அப்பன்னா இதையும் ரிப்போர்ட்டுல எழுதுவேன். மறைக்க மாட்டேன்" என்றாள்.

"எழுது."

எழுதினாள். அச்சிட்ட அறிக்கையின் இருபத்தாறாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது: உற்பத்திக் குறைவான பத்தொன்பது கோன்களின் விலையை, வில்லை முறையை முதலில் வகுத்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் செலுத்தினார். பேர் போடவில்லை. இரண்டரை வரி. அதில் என் மகள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தை நான் பார்க்காத வாரம் கிடையாது.

மேனேஜர் நிமிர்ந்து, "கொறைக்கு ஈடு வந்துருச்சுன்னா என்ர கண்டிசன் ஒடையலீங்க. ஆனா அய்யா பொருளை எடுத்துக்கறதா இருந்தா பில் போட்டாகோணுமுங்க" என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, அய்யாகிட்டப் போய்க் காசு வாங்கறதுங்களா?" என்றார். வாங்கியே ஆக வேண்டும் என்று நானும் மேனேஜரும் ஒரே குரலில் சொன்னோம். மேனேஜர் தன் மேசைக்குப் போய் டிராயரைத் திறந்து இரண்டு வில்லையையும் எடுத்துப் பழைய இரும்பு எடுக்கிறவருக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார். பெருந்துறையின் இரண்டு மில்லுக்கும் அன்றே கடிதம் போயிற்று. வில்லை கிடையாது, பக்கத்திலுள்ள கழிப்பறை திறந்திருக்கும், படுத்துக்கொள்ள இரண்டு மணி நேரம், பேர் எழுதக் கூடாது. கடிதத்தின் வாசகம் முழுதும் என் மகளுடையது. கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

கோன்களைக் காரின் பின் சீட்டில் அடுக்கினார்கள். நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஒரு கோன் 1.890 கிலோ, பத்தொன்பதுக்கு 35.910 கிலோ. கிலோ 264 ரூபாய். அதன்மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி. காசுகளை விட்டுவிடலாம் என்றார் கேஷியர். விட வேண்டாம் என்று சொல்லி, போனிலேயே சரியாக அனுப்பினேன்: 9,954 ரூபாய் 25 காசு.